கருவை வகையறா

மார்ச் 3, செவ்வாய்

வெயில். காற்று இல்லை.

இன்று முற்பகல் பதினொன்று நாற்பதுக்கு, சமையலறையில், புளி கரைத்துக்கொண்டிருந்த எஸ்தரின் முன்னிலையில், வீட்டு வாசலில் ஒரு மரம் வைப்பதென்று முடிவு செய்யப்பட்டது. ஆட்சேபம் இல்லை. ஆதரவும் இல்லை. புளி தொடர்ந்து கரைக்கப்பட்டது.

பிற்பாடு நானே மறந்துபோனால் உதவும் என்பதற்காகக் காரணம். வீடு மேற்கு பார்த்தது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், பசுமை நகர், நான்காம் தெரு. இங்கே பசுமையாக இருப்பது பெயர்ப் பலகையின் பெயின்ட். பகல் இரண்டுக்கு மேல் வெயில் வாசலைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, பிரிட்ஜ் வரை வருகிறது. விருந்தாளிகூட அவ்வளவு தூரம் வருவதில்லை.

எஸ்தர் நேற்றுச் சொன்னது, சொல் மாறாமல்:

"ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். மத்தியானம் மூணு மணிக்கு வாசல்ல சேர் போட்டு ஒக்கார நெழல் இருந்தா இருப்பேன். இல்லன்னா மக வீட்டுக்குப் போறேன். நீங்க புஸ்தகத்தோட இருங்க."

நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். கெடு வைத்துப் பேசிப் பழக்கம். வைத்த கெடுவைத் தள்ளிப் போட்டதில்லை. பெங்களூரில் மகள் பியூலா வீட்டில் ஓர் அறை தயார். போனால் திரும்ப மாட்டாள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். தனியாக இங்கே இருந்துவிட முடியுமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். என் பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

வாசலில் இதுவரை வைத்தவையும் அவற்றின் முடிவும்:

வேம்பு. ஆடு.
மறுபடி வேம்பு. அதே ஆடு.
புங்கை. போர் தண்ணீரின் உப்பு.
சரக்கொன்றை. கேபிள்காரர்.
செண்பகம். என் கவனிப்பு.

மார்ச் 6, வெள்ளி

நேற்றைவிட வெயில்.

பியூலா போனில் ஒரு நர்சரியின் பக்கத்தை அனுப்பினாள். ஆந்திராப் பக்கம். தமிழ் விளக்கமும் உண்டு. எழுதியது மனிதர்தானா என்பது சந்தேகம். 'வறட்சியைச் சகித்துக்கொள்ளும் அலங்கார மரம். பாலைவன நிலக்காட்சிக்கு மிக்க பொருத்தம். உப்பு நீரைப் பொருட்படுத்தாது. பராமரிப்பைக் கேட்காது. முள் இல்லை.'

பராமரிப்பைக் கேட்காது என்ற இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. வறட்சியை நாங்களும்தான் பல தலைமுறையாகச் சகித்துக்கொண்டிருக்கிறோம். எங்களை யாரும் அலங்காரம் என்று சொன்னதில்லை.

விற்பனைப் பெயர் 'பாலை மரகதம்'. பூர்வீகம் தென் அமெரிக்கா. படத்தில் நீச்சல் குளம், வெள்ளை நாற்காலி, ஒரு வெளிநாட்டுப் பெண். எதையோ பார்த்துச் சிரிக்கிறாள். அது என்ன என்பது படத்துக்கு வெளியே இருக்கிறது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்தது. பேச்சு வாங்கினேன்.

நர்சரிக்குப் போன் போட்டேன். கன்று வேண்டாம், ஈஸ்டருக்குள் நிழல் வேண்டும் என்றேன். "பெரிய மரமே பையிலே வச்சு லாரிலே வரும் சார். நெழல் கூடவே வரும்" என்றார்கள். நிழல் தனியாக வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனை. மீன் குழம்பு. தூக்கம்.

கனவு: குண்டாற்றில் தண்ணீர். ஆற்றின் நடுவே வெள்ளை நாற்காலி. எஸ்தர் உட்கார்ந்திருக்கிறாள், கால் நனையவில்லை. நான் கரையில் நின்று, தண்ணீர் வந்ததற்கு யாரிடமோ ரசீது கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் எழுதிக்கொண்டே இருக்கிறார். தாள் தீரவில்லை.

எழுந்தபோது வெயில் பிரிட்ஜைத் தொட்டிருந்தது.

மார்ச் 12, வியாழன்

காலை 9:10, டிரைவர் போன். "காரியாபட்டி தாண்டிட்டோம் சார்."
9:50, மறுபடி. "காரியாபட்டிக்கே வந்துட்டோம் சார்."

பொறுக்க முடியாமல் ரோட்டுக்கே போய் நின்றேன். தார் ரோட்டில் கானல். தூரத்தில் லாரி தெரியவில்லை, மரம் மட்டும் தெரிந்தது. தரையைத் தொடாமல், சாய்ந்தபடி, மெல்ல நீந்தி வந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய மட்டும் கருவைக் காடு, சீமைக் கருவேலம். நடுவே இந்த ஒற்றை மரம். காடு அசையாமல் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்படித் தோன்றியது.

இறக்கி நட ஆறு பேர். உயரம் ஒன்பது அடி. கொத்துக் கொத்தாய் மஞ்சள் காய்கள், அவரைக்காயை வெயிலில் போட்டு முறுக்கியது போல. அதுவும் அலங்காரம் என்று எடுத்துக்கொண்டேன்.

எஸ்தர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். "பொழைக்குமா?" என்று மட்டும் உள்ளேயிருந்து கேட்டது.

மார்ச் 13, வெள்ளி

பிழைத்திருக்கிறது.

மதியம் 3:00. கனத்த நிழல் இல்லை. சல்லடையில் சலித்த நிழல். தரையில் விழாமல் ஒரு விரற்கடை மேலே மிதக்கிறது. காற்று வந்தால் முற்றம் முழுக்க மீன் குஞ்சுகள் ஓடுகின்றன.

எஸ்தர் நாற்காலியைத் தூக்கி வந்தாள். உட்கார்ந்தது 3:05. எழுந்தது 4:20. இடையே பேசியது ஒரு வாக்கியம்: "காத்து வருது."

ஓர் இலையைப் பறித்துப் புத்தகத்தில் வைத்தேன். புளியிலையைவிட மெலிவு. எங்கோ பார்த்த இலை. எங்கே என்று பிடிபடவில்லை. முற்பிறவி என்று விட்டுவிடலாம். எங்கள் சபையில் அதற்கு இடமில்லை.

மார்ச் 16, திங்கள்

சங்கத் தலைவர் ராஜாமணி வந்தார். குடியிருப்போர் நலச் சங்கம், நான் செயலாளர். நூலகராக இருந்தவன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே தகுதி.

மரத்தை மூன்று சுற்று சுற்றினார். "சார், ரிசார்ட்டுக்குள்ள நொழஞ்ச மாதிரில்ல இருக்கு! தெருவுக்கு ரெண்டு பக்கமும் வரிசையா வச்சுருவோம். குமாரலிங்கபுரத்துல ஜவுளிப் பூங்கா வந்துச்சுன்னா பெரிய ஆளுகல்லாம் இந்தப் பக்கந்தான் வீடு தேடுவாக. ஞாயித்துக்கெழம மீட்டிங்ல தீர்மானம் போட்டுருங்க."

எஸ்தர் நாற்காலியை விட்டு எழாமலே அவருக்கு வணக்கம் சொன்னாள். இரண்டு நாளாகப் பெங்களூர்ப் பேச்சு இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

வெயில். செய்தி.

முத்துமாரியின் ஆடுகள் கேட் முன்னால் நின்றன. கண்மாய்க் கரையில் அவளுக்குக் குடிசை, ஆடுகள் பதினொன்று. வேம்பு விஷயத்துக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை குறைவு. இன்று ஆடுகள் பதினொன்றும் பின்னங்கால்களில் எழுந்து, மதில் மேல் கை வைத்து, காய்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. சபைக்கு வந்தவர்கள் போல.

"சார், இத எங்கிட்டு இருந்து கொண்டாந்தீக?"

"தென் அமெரிக்கா" என்றேன். ஆந்திரா என்று சொல்ல மனம் வரவில்லை.

"அமெரிக்காவா? எங்க ஆட்டுக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

கீழே கிடந்த ஒரு காயை எடுத்து ஒடித்தாள். முகர்ந்தாள். கடித்துப் பார்த்துத் துப்பினாள்.

"கருவ சார். முள்ளப் புடுங்கிட்டு அனுப்பிருக்காக."

"கருவைக்கு முள் உண்டு முத்துமாரி."

"மொட்ட போட்டா ஆளு மாறிருமாக்கும்?" ஆட்டை ஓட்டத் திரும்பியவள் நின்றாள். "எங்க மரத்துக்கு முள்ளு இருந்துச்சு. அதான வெட்டுனீக? இதுக்கு ஒங்க காயிதத்துல என்ன பேரு போடுவீக?"

எழுதித்தான் ஆக வேண்டும். போன ஆவணியில் தெருக் கோடியில் இரண்டு கருவை நின்றன. மத்தியானத்தில் அவள் ஆடுகள் நிற்கிற இடம் அது. சங்கம் தீர்மானம் போட்டு ஜேசிபி வைத்துப் பிடுங்கியது. அதற்கு முந்தின நாள் இதே கேட்டில் நின்று, "ஒரு மரத்த மட்டும் விட்ருங்க சார், ஆடு நிக்கும்" என்றாள். தீர்மானத்தைப் படித்துக் காட்டினேன். எழுதியவனே படித்தால் உச்சரிப்பு தெளிவாக இருக்கும் அல்லவா.

'நகர் எல்லைக்குள் உள்ள கருவை வகையறா மரங்கள், எந்த வயதினதாயினும், எவருடைய இடத்தில் நின்றாலும், விதிவிலக்கின்றி வேரோடு அகற்றப்படும்.'

முதல் வரைவில் 'கருவை மரங்கள்' என்றுதான் இருந்தது. பத்திர நடைக்காக 'வகையறா' சேர்த்தேன். கூட்டத்தில் அந்தச் சொல்லுக்குக் கைதட்டினார்கள். என் எழுத்துக்கு அதற்கு முன் யாரும் கைதட்டியதில்லை.

மார்ச் 18, புதன்

தாவரப் பெயரைத் தேடிப் பார்த்தேன். கருவைக்கும் இதற்கும் முதல் பெயர் ஒன்றேதான். இரண்டாவது பெயர் மட்டும் வேறு. அண்ணன் தம்பி. ஜன்னலைத் திறந்தால் நரிக்குடி வரைக்கும் அண்ணன் நிற்கிறான். நான் தம்பியை லாரி வைத்து வரவழைத்திருக்கிறேன்.

புத்தகத்தில் வைத்த இலையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். கருவை இலையோடு சேர்த்துப் பிடித்தேன். எந்தக் கையில் எது என்று கொஞ்ச நேரத்தில் குழம்பிவிட்டது.

பகல் சாப்பாட்டில் எஸ்தர்:

"முத்துமாரி மரத்த வெட்டச் சொன்னது நீங்களா?"

"சங்கம்."

"சங்கத்துக்குக் கையெழுத்து யாருது?"

ரசம் ஊற்றினாள். நேற்றைய பேச்சை முழுக்கக் கேட்டிருக்கிறாள்.

"வாசல்ல நின்னு கேட்டுருக்கா. ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லல நீங்க. எனக்கு நெழல் வேணும்னுதான் சொன்னேன். எனக்கு மட்டும் வேணும்னு சொன்னனா?"

மார்ச் 20, வெள்ளி

நாற்காலி உள்ளே போய்விட்டது. பரணில் இருந்த சூட்கேஸ் கீழே வந்திருக்கிறது, தூசு தட்டியிருக்கிறது. பியூலாவோடு போன். "ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள்னு வச்சுக்க."

மதியம் 3:00. முற்றத்தில் நிழல் தனியாக இருந்தது.

நான் போய்த் தரையில் உட்கார்ந்தேன். கண் செருகியது. மரம் என் பக்கம் குனிந்து, பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்டது. உள்ளே போய் எடுத்து வருகிறேன் என்றேன். உள்ளே வீடு இல்லை, கருவைக் காடு. ஒவ்வொரு மரத்தின் கீழும் ஒரு வெள்ளை நாற்காலி, யாரும் உட்காராமல். எல்லா நாற்காலியிலும் வெயில் புள்ளி புள்ளியாய்.

விழித்தேன். சட்டையில் எறும்பு.

யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடலாம். முத்துமாரி சொல்ல மாட்டாள்; சொன்னாலும் சங்கம் கேட்காது. மரம் இருக்கும். எஸ்தர் இருக்க மாட்டாள். மரம் வைத்ததே எதற்கு?

மார்ச் 22, ஞாயிறு

கூட்டம், மாலை 5:00, தலைவர் வீட்டுக் கார் ஷெட். வருகை பதினான்கு. முறுக்கு, டீ.

தலைவர் மர வரிசைத் தீர்மானத்தை முன்மொழிந்தார். நான் எழுந்து, இது கருவை என்று சொன்னேன்.

"சும்மா வெளாடாதீங்க சார்."

தாவரப் பெயரைப் படித்தேன். இரண்டு இலைகளையும் சுற்றுக்கு விட்டேன். முறுக்குத் தட்டோடு அவையும் போய் வந்தன.

"முள்ளு இருக்கா?"

"இல்லை."

"பில்லு இருக்கா?"

"இருக்கிறது."

"அப்பறம் என்ன சார்?" தலைவருக்கு நிம்மதி. "பில்லு உள்ளது அலங்கார மரம். பில்லு இல்லாம தானா மொளைக்கிறதுதான் கருவ."

முப்பது வருடம் புத்தகங்களோடு இருந்தவன். இவ்வளவு சுருக்கமான வகைப்பாட்டை எங்கும் படித்ததில்லை.

தீர்மானப்படி என் மரத்தைப் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் முத்துமாரியின் இரண்டு மரங்களைப் பிடுங்கியது தவறு என்று எழுதுங்கள் என்றேன். பிடுங்கிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

"வெட்டுன மரத்தப் பத்தி இப்ப என்ன சார் பேச்சு? வேருகூட இல்ல."

"சரி, ஆடுகள் மத்தியானம் என் மரத்தடியில் நிற்க அனுமதி வேண்டும்." நகருக்குள் ஆடு வரக் கூடாது என்றும் ஒரு தீர்மானம் உண்டு. அதுவும் என் நடைதான்.

கசமுசா. கடைசியில் தலைவர்: "ஒங்க காம்பவுண்டுக்குள்ள யார நிப்பாட்டுறீங்கங்கிறது ஒங்க இஷ்டம். தெருவுல வரையில மேயாம வரணும். அவ்வளவுதான்."

பதிவேட்டில் ஏறியவை: மர வரிசை ஒத்திவைப்பு. ஆடுகள், பகல் 12 முதல் 4 வரை. பழைய தீர்மானத்தில் 'விதிவிலக்கின்றி' என்ற சொல்லை அடுத்து, 'செயலாளர் வீட்டு மரம் நீங்கலாக' என்று சேர்க்கப்பட்டது.

கைதட்டு இல்லை.

மார்ச் 23, திங்கள்

காலையில் கண்மாய்க் கரைக்குப் போனேன். முத்துமாரி ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் ஆட்டை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா."

"எதுக்கு? பிரியாணிக்கா?"

"நிற்பதற்கு."

"வேம்பத் தின்னதுக்கு மூணு மாசம் வஞ்சீக."

"வைதேன்."

"எங்க மரத்த வெட்டுனதுக்கு நான் ஒரு நா கூட வையல. தெரியும்ல?"

"தெரியும். அந்தத் தீர்மானத்தை எழுதியிருக்கக் கூடாது."

குழையை இறுக்கிக் கட்டினாள். "அந்த மரத்து எலையத் திங்காது. காஞ்ச நெத்தத்தான் திங்கும். கெடக்குற வரைக்கும் வாரேன்."

ஒரு மணிக்கு வந்தாள். கேட்டைத் திறந்தது எஸ்தர். நான் திறக்கப் போனபோது, "நீங்க இருங்க" என்றாள். பதினொரு ஆடுகளும் வரிசையாக உள்ளே வந்தன. கடைசி ஆடு என் கைலியை முகர்ந்து பார்த்தது. காய்ந்த காய்கள் நொறுங்கும் சத்தம் நாலு மணி வரை.

நாற்காலி வெளியே வந்திருக்கிறது. சூட்கேஸ் அறையில் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். அதிகாலை ஆராதனை. பிரியாணி (கோழி).

கெடு இன்றோடு தீர்கிறது. கேட்கப் பயமாக இருந்ததால் கேட்கவில்லை. காலையிலிருந்து ஒரே பக்கத்தை நாலு தரம் படித்தேன்.

மூன்று மணி. எஸ்தர் உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலியை எடுத்து வரச் சொன்னாள். முத்துமாரிக்கு. அவள் உட்காரவில்லை, "தரதான் நமக்குச் சரிப்படும் நர்சம்மா" என்றாள். எஸ்தர் நாற்காலியை விட்டு இறங்கித் தானும் தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் வலிக்கு இது கூடாது என்று மற்றவர்களுக்கு அவளே சொல்லுவாள். இரண்டு நாற்காலிகளும் காலியாக நின்றன. ஒரு குட்டி ஒன்றில் ஏறிப் படுத்துக்கொண்டது.

நிழல் எல்லார் மேலும் அலைந்தது. பேச்சு தூரத்து ரேடியோ மாதிரி வந்து வந்து போயிற்று. யார் வீட்டுப் பிரசவமோ, எந்த ஆடோ. பாதி விழிப்பு. உலகத்தில் வேறு யாரும் இல்லாதது போல.

பியூலா போன். எஸ்தர் பேசியது மட்டும் கேட்டது:

"நாளைக்கா? இல்லம்மா, இப்ப வர முடியாது. வீட்ல ஆளுக இருக்காக... ஆமா, தெனமும் வாராக... பன்னெண்டு பேரு."

முகம் கழுவிக்கொள்ள உள்ளே போனேன். வெகுநேரம் கழுவினேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

கோடை மழை. மதியம் 3:40 முதல் 5:00 வரை. முதல் பத்து நிமிடம் மழையா கனவா என்று உறுதி செய்ய முடியாமல் ஜன்னலில் நின்றேன்.

ஆடுகள், முத்துமாரி, எஸ்தர் எல்லாரும் ஹாலில். ஈர ஆட்டு நாற்றம். எஸ்தர் பினாயில் தேடவில்லை. கரிசல் மண் வாசலில் மாவு மாதிரி குழைந்து கிடந்தது. மரம் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

ஜூன் 16, செவ்வாய்

மேகம் உண்டு. மழை இல்லை.

நான்காம் தெருவில் கன்றுகள். ஆடுகள் நடந்து வந்த தடம் முழுக்க, புழுக்கை விழுந்த இடமெல்லாம், காலி மனைகளில், தலைவர் வீட்டு கேட் ஓரத்தில். சாண் உயரம். தலைவர் ஒன்றைச் சுற்றிச் செங்கல் அடுக்கித் தண்ணீர் ஊற்றி வருகிறார். "ஒங்க மரத்தோட பிள்ள சார்" என்றார்.

திரும்பும்போது காலி மனையில் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. எஸ்தர் மரத்தடியில் உட்கார வைத்து ஊக்கால் நோண்டி எடுத்தாள். முள். அரை அங்குலம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.டி. ஊசி போட்டார்கள். இடது கை.